மறைக்க இடமில்லாத பெட்டி

ஆறரை அடி நீளம், பத்து அங்குல அகலம். கணு இருக்கக் கூடாது, வெளிறு என்னும் வெளுத்த மேல்மரம் இருக்கக் கூடாது, உள்மரமாக வைரம் பாய்ந்திருக்க வேண்டும். அப்படி ஒரு தேக்குப் பலகை கிடைத்தால்தான் என்னுடைய வேலை தொடங்கும். அதை வரிசையாக நான்கு துண்டாக அறுப்பேன்: ஒரு பக்கம், மேல், இன்னொரு பக்கம், அடி. அறுத்த வரிசை மாறாமல் அப்படியே மடக்கிச் சேர்த்தால், மரத்தின் ரேகை ஒரு பக்கத்தில் ஏறி, மேலே படர்ந்து, அடுத்த பக்கத்தில் இறங்கும். ஆறு மாதம் பழகிய நாய் மடியில் சுருண்டு படுப்பதுபோல் அந்த ரேகை பெட்டியைச் சுற்றிப் படுத்துக்கொள்ளும். மூன்று மூலைகளில் ரேகை சேரும். நான்காவது மூலையில் சேராது, சேரவும் முடியாது, ஏனென்றால் அங்கே பலகையின் தலையும் வாலும் சந்திக்கின்றன. அந்த மூலையை எப்போதும் கீழே வைப்போம்.

நான் மின் கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு, சுருக்கமாக ஆம்ப், மரப்பெட்டிகள் செய்கிறேன். ஊர் கோயம்புத்தூர். உள்ளே வால்வும் டிரான்ஸ்ஃபார்மரும் வேறு யாரோ செய்தது, ஸ்பீக்கர் வேறு யாரோ செய்தது, பெட்டி மட்டும் என்னுடையது. தேக்கு, பலா, தூங்குமூஞ்சி ஆகிய மரங்களில், மேலே எதுவும் ஒட்டாமல், மரம் மரமாகவே தெரியும்படி. வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கும் ஒரு கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "ஒரு மரப்பெட்டிக்கு எதுக்கு இவ்வளவு விலை? எங்க வீட்டுக்கு வர்ற கார்பென்டர் ஆறாயிரத்துல செஞ்சு தந்துடுவாரே" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாட்ஸ்அப்பில் நான்கு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் என் நோட்டுப் புத்தகத்தை அப்படியே திறந்து வைக்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை. மின் கிட்டாருக்குப் பெட்டி செய்த பெரிய பெயர்களில் ஒன்று ஃபெண்டர். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் தன் பெயரில் ஆம்ப் செய்யத் தொடங்கியது 1946இல். அந்த முதல் ஆம்ப்கள் மேப்பிள், வால்நட் போன்ற கெட்டி மரங்களில் செய்யப்பட்டு, பாலிஷ் போட்டு, முகப்பில் பளபளக்கும் உலோகப் பட்டைகளோடு வந்தன. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றை 'வுடி' என்று செல்லமாக அழைத்துத் தேடி அலைகிறார்கள். ஆனால் அந்த மரப்பெட்டிகளின் ஆயுள் சுமார் இரண்டு ஆண்டுதான். 1948 வாக்கில் ஃபெண்டர் பைன் மரத்துக்கு மாறினார், அதன் மேல் பயணப் பெட்டிகளுக்கு ஒட்டும் ட்வீட் துணியை ஒட்டினார். இன்று உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் கும்பிடும் 'ட்வீட்' ஆம்ப்கள் பிறந்தது அப்படித்தான். பிற்பாடு துணி போய் வினைல் வந்தது, அதைத்தான் டோலெக்ஸ் என்கிறார்கள், நம் ஊரில் ரெக்சின்.

இதை மரவேலைக்காரன் கண்ணால் பார்த்தால், துணி ஒட்டியது அழகுக்காக மட்டும் இல்லை என்பது புரியும். துணி மறைக்கும். பைன் பலகையில் கணு இருக்கலாம், இரண்டு பலகைக்கும் நிறம் வேறாக இருக்கலாம், மூலையில் அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் மாவும் பசையும் குழைத்து அடைத்துவிடலாம், உப்புத்தாளில் தேய்க்கும் வேலை பாதிக்கு மேல் மிச்சம். மேலே துணி வந்துவிடும். ஒரு துணி ஒட்டுவதன் மூலம் ஒரு பட்டறை, கழிக்க வேண்டிய மரத்தையெல்லாம் பயன்படுத்திக்கொள்கிறது, தேர்ந்த கைகளுக்குக் காத்திருக்காமல் ஆளை வைத்து வேலை வாங்குகிறது. வளரும் தொழிற்சாலைக்கு அதுதான் சரியான வழி, அதில் தவறு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. 1962இல் லண்டனில் தொடங்கிய மார்ஷல் ஆம்ப் நிறுவனமும் பிர்ச் பிளைவுட்டின் மேல் கறுப்பு வினைல் ஒட்டித்தான் உலகை நிரப்பியது. 1970களில் கலிஃபோர்னியாவில் ராண்டல் ஸ்மித் தன் மெசா பூகி ஆம்ப்களைக் கெட்டி மரப்பெட்டியில், பிரம்புப் பின்னல் முகப்போடு கொடுத்தார். அது கேட்டு வாங்குவோருக்கான விலை உயர்ந்த வகையாகவே இருந்தது.

நான் துணி ஒட்டுவதில்லை. அங்கேதான் கணக்கு மாறுகிறது.

என் அளவுப் பெட்டி ஒன்று: 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்றுக்கு, 20 அங்குல அகலம், 17 அங்குல உயரம், 10 அங்குல ஆழம். நான்கு பக்கப் பலகைகளையும் பின்பக்கம் மேலும் கீழும் வரும் இரண்டு அடைப்புப் பலகைகளையும் கூட்டினால் சுமார் 925 சதுர அங்குலம். ஒரு அங்குலத் தடிமனில் மரம் வாங்கி, இழைத்து முக்கால் அங்குலத்துக்குக் கொண்டு வருவேன். ஆக, பெட்டிக்குள் போவது அரை கன அடிகூட இல்லை. ஆனால் மரவாடியில் நான் பணம் கொடுப்பது ஒரு முழுக் கன அடிக்கு. மீதி எங்கே போகிறது? வெளிறு, ஓரத்து வெடிப்பு, கணுவுக்கு முன்னும் பின்னும் வெட்டிக் கழிக்கும் துண்டு, அப்புறம் இழைப்பில் சுருளாகப் பறப்பது. நான் எடுக்கும் தேக்கு கன அடி 4,500 ரூபாய். இதைவிட மலிவான இறக்குமதித் தேக்கு உண்டு, ஆனால் பத்து அங்குல அகலத்தில் சுத்தமான பலகை வேண்டும் என்று கேட்டவுடனே விலை ஏறிவிடும். மரத்தில் அகலத்துக்குத் தனி விலை, அகலப் பலகைக்குப் பருத்த அடிமரம் வேண்டும் அல்லவா.

மரம் 4,500. ஸ்பீக்கரைத் திருகும் முன்பலகைக்கு நல்ல பிளைவுட் 700. முகப்புத் துணி 1,200. கைப்பிடி, கால், திருகு, ஒயர் செருகும் ஜாக் தட்டு எல்லாம் சேர்த்து 1,500. பசை, உப்புத்தாள், பாலிஷ் 1,300. வாடகை, மின்சாரம், கருவித் தேய்மானம், மரத்தில் முடங்கும் பணத்துக்கு வட்டி எல்லாம் ஒரு பெட்டியின் பங்குக்கு 2,000. அட்டை, தெர்மாகோல், மரச்சட்டம் வைத்துக் கட்ட 900. கூலி 3,900. கூட்டினால் 16,000.

கூலி 3,900 எப்படி வந்தது என்று சொல்கிறேன். ஒரு பெட்டிக்குக் கை வேலை 26 மணி நேரம். நேரம் குறித்து வைக்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்தார். பம்ப்பின் இரும்பு உடலை வார்ப்பதற்கு முன், அதே உருவத்தை மரத்தில் செய்து மணலில் அச்சு எடுக்க வேண்டும், அந்த மர உருவத்தைச் செய்கிற வேலை. வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 100க்கு 1 பங்கு சுருங்கும், அதனால் அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்வார்கள். அதற்கென்றே அங்குலக் கோடு கொஞ்சம் நீட்டிப் போட்ட ஸ்கேல் ஒன்று வைத்திருப்பார். சின்ன வயதில் அதை எடுத்து நோட்டில் கோடு போட்டு, பள்ளிக்கூடத்தில் அளவு தப்பாகி அடி வாங்கியிருக்கிறேன். அப்பா ஒவ்வொரு பேட்டர்னுக்கும் எத்தனை மணி ஆனது என்று சுவரில் பென்சிலால் எழுதுவார். நான் நோட்டில் எழுதுகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

26 மணியில் அதிகம் தின்பது தேய்ப்பும் பூச்சும். சொரசொரப்பான 80ஆம் எண்ணில் தொடங்கி நைசான 320ஆம் எண் வரை உப்புத்தாள் மாற்றி மாற்றி ஐந்து மணி நேரம். பூச்சுக்கு இன்னொரு ஐந்து, ஆனால் அந்த ஐந்து மணி பத்து நாளில் பரவிக் கிடக்கும். ஒரு கை பூசி, காயவிட்டு, மெல்லத் தேய்த்து, மறுபடி பூச வேண்டும். மூலையில் விரல் கோத்ததுபோல் சேரும் ஃபிங்கர் ஜாயின்ட்டுக்கு மூன்று மணி. ரேகை பார்த்துப் பலகை தேர்வதற்கு மட்டும் ஒன்றரை மணி. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நான் சும்மா நிற்பதுபோல் தெரியும் நேரம் அது. கோவையில் ஒரு நல்ல ஆசாரிக்கு நாள் கூலி 1,200, எட்டு மணிக்குப் பிரித்தால் மணிக்கு 150. அதே கூலியை எனக்கும் போட்டிருக்கிறேன், அதற்கு மேல் போடவில்லை.

முதல் வருடம் நான் இந்தப் பெட்டியை 12,000 ரூபாய்க்கு விற்றேன். விற்பனை நன்றாகப் போனது, எல்லோரும் பாராட்டினார்கள், கையில் பணம் தங்கவே இல்லை. என்னோடு வேலை செய்யும் ஆசாரி அண்ணனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. ஒரு நாள் மாலை நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, இதுல மரத்துக்காரன் காசு எழுதிருக்கு. உங்க கூலி எங்கீங்?"

"அது லாபத்துல வருங்ண்ணா."

"லாபம் எங்கீங்?"

16,000 செலவாகும் பொருளை 12,000க்குக் கொடுத்திருக்கிறேன். குறைந்த 4,000, கிட்டத்தட்ட சரியாக என் கூலி. ஒரு வருடம் முழுக்க நான் செய்த வேலையை என்னை அறியாமல் வாங்கியவர்களுக்குச் சும்மா கொடுத்திருக்கிறேன். கைவேலை செய்யும் பலரும் விழும் குழி இது. கைக்காசு போட்டு வாங்கிய பொருளின் விலை நமக்கு உறைக்கிறது, ராத்திரி பத்து மணிவரை நின்ற நம் கால் வலி கணக்கில் ஏறுவதில்லை.

அடுத்த வருடம் 22,000 என்று விலை வைத்தேன். அதற்கு வரியும் ஒரு காரணம். உள்ளூரில் மட்டும் விற்கும் வரை சின்னத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படவில்லை. ஆனால் என் வாடிக்கையாளர்கள் பெங்களூரு, கொச்சி, ஷில்லாங் என்று இருக்கிறார்கள். மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் வியாபாரம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பொதுவாகப் பதிவு கட்டாயம். ஆம்ப், ஸ்பீக்கர் வகையறாவுக்கு 18 சதவீதம். 22,000இல் வரி 3,356 போக எனக்கு வருவது 18,644. செலவு 16,000, மிச்சம் 2,644.

தஞ்சாவூரில் வீணை செய்பவருக்கு இந்த வரி இல்லை. கையால் செய்யும் நம் நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டியில் விலக்கு உண்டு, வீணையும் மிருதங்கமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அது மிகச் சரியான விலக்கு, அவர்களுக்கு அது இன்னும் போதாது என்றுதான் நினைக்கிறேன். பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரத்தை வாங்கி, குடைந்து, செதுக்கி, மெழுகில் மெட்டு அமைத்து ஒரு வீணையை முடிக்கும் உழைப்புக்கு முன்னால் என் பெட்டி ஒன்றுமே இல்லை. அங்கேயும் இதே கணக்குதான் ஓடுகிறது. குடமும் தண்டியும் யாளித் தலையும் ஒரே மரத்தில் குடைந்தால் ஒரு விலை, தனித்தனியாகச் செய்து ஒட்டினால் வேறு விலை. ஒரே கட்டையில் செய்யும்போது கடைசி நாளில் உளி தவறினாலும் முழுக் கட்டையும் போய்விடும். அதிக விலை அந்தப் பயத்துக்கும் சேர்த்துத்தான்.

என் பெட்டியிலும் அப்படித்தான். பிளைவுட் பெட்டியில் ஒரு பலகையைத் தப்பாக அறுத்தால் ஒரு பலகை நஷ்டம். ரேகை சுற்றி ஓடும் பெட்டியில் ஒரு பலகை கெட்டால் நான்கும் கெட்டது மாதிரி, ஏனென்றால் அந்த ரேகையோடு சேரும் இன்னொரு துண்டு இந்த உலகத்திலேயே கிடையாது. மூலை வெட்டும் ரவுட்டர் எந்திரத்தில் பலகையின் ஓரம் ஒரு சில்லு பெயர்ந்தால் போதும். தேக்கில் மணல் சத்து உண்டு, கருவியின் முனையைச் சீக்கிரம் மழுங்க வைக்கும், மழுங்கிய முனைதான் சில்லு பெயர்க்கும். இன்னும் ஒரு பெட்டி ஓட்டலாம் என்று பழைய முனையை மாற்றாமல் விட்டு ஒரு முழுப் பலகையை இழந்திருக்கிறேன். தேக்கில் எண்ணெயும் உண்டு. இழைத்த உடனே பசை போட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் எண்ணெய் மேலே கசிந்து பசை பிடிக்காது. போடுவதற்கு முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைப்பேன்.

பெரிய நஷ்டம் எது என்று கேட்டால், பின்பலகை வெடித்த கதைதான். ஒரு ஐப்பசி மழையில் செய்த பெட்டி, பெங்களூருவில் ஒரு ஒலிப்பதிவு அறைக்குப் போனது. நாள் முழுக்க ஏசி ஓடும் அறை. நான்காம் மாதம் படம் வந்தது: பின்பலகையில் திருகிலிருந்து திருகுவரை நேராக ஒரு வெடிப்பு. நன்றாகக் காய்ந்த மரம் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள், நானும் தட்டிப் பார்த்து நம்பினேன். பெட்டியின் நான்கு பக்கங்கள் வெடிக்கவில்லை, காரணம் அவற்றில் ரேகை ஒரே திசையில் சுற்றி ஓடுகிறது, சுருங்கினால் நான்கும் சேர்ந்தே சுருங்கும். பின்பலகை அப்படியில்லை. ரேகைக்குக் குறுக்கே சுருங்கப் பார்த்தது, நான் அதை இறுக்கமான திருகுகளால் இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருந்தேன். போக இடமில்லாமல் வெடித்தது. புதுப் பலகை செய்து, போக வர பார்சல் கூலி கொடுத்து, மன்னிப்பும் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு ஈரப்பதம் அளக்கும் மீட்டர் வாங்கினேன். 12 சதவீதத்துக்குக் கீழே வராத பலகையை இப்போது தொடுவதில்லை. பின்பலகைத் திருகுத் துளைகளை நீள்வட்டமாகப் போடுகிறேன், மரம் நகர்ந்துகொள்ளும்.

ஆனால் 12க்குக் கீழே கொண்டுவர மரம் காத்திருக்க வேண்டும். இன்று வாங்கி நாளை செய்யும் தொழில் இல்லை இது. என் கொட்டகையில் எப்போதும் சுமார் 30 கன அடி தேக்கு, பலகைக்கு இடையே ரீப்பர் கட்டை வைத்து அடுக்கப்பட்டு, காற்று வாங்கிக்கொண்டிருக்கும். 1,35,000 ரூபாய் அங்கே சும்மா படுத்திருக்கிறது. அது என் பணமும் இல்லை, மனைவியின் நகை மேல் வாங்கிய கடன். வட்டி மாதம் தவறாமல் வருகிறது, மரம் அதன் போக்கில்தான் காய்கிறது. சூளையில் வைத்துச் செயற்கையாக உலர்த்தலாம், பெரிய மில்களில் அந்த வசதி உண்டு. மாதம் நான்கு கன அடி எடுக்கும் ஆளுக்கு அது கட்டுப்படியாகாது.

அப்புறம் பார்சல். பெட்டியின் எடை பத்து கிலோதான் வரும், கட்டிய பிறகு பன்னிரண்டு. ஆனால் பார்சல்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுப்பார்கள், எது அதிகமோ அதற்குக் காசு. கட்டிய பெட்டி 61, 56, 38. பெருக்கி வகுத்தால் 26 கிலோ. 12 கிலோப் பொருளுக்கு 26 கிலோக் கூலி, மிச்சம் 14 கிலோவும் உள்ளே இருக்கும் காற்று. அந்தக் காற்று இல்லாவிட்டால் ஸ்பீக்கர் பாடாது, அதனால் பெட்டியைச் சின்னதாக்கவும் முடியாது. ஷில்லாங்கிலிருந்து கேட்கும் தம்பிமார்களுக்கு இந்தத் தொகையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். அந்த ஊர்ப் பிள்ளைகள் கிட்டாரை நேசிக்கும் விதமே தனி.

இவ்வளவு செய்தும் சத்தம் மாறுமா? நேர்மையாகச் சொல்ல வேண்டிய இடம் இது. மாறும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஸ்பீக்கர் எது, பெட்டியின் ஆழம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு திறந்திருக்கிறது, முன்பலகை எவ்வளவு தடிமன், இவைதான் சத்தத்தை முதலில் தீர்மானிக்கின்றன. பைன் மெலிதாக அதிரும், கிட்டாரோடு சேர்ந்து தானும் கொஞ்சம் பாடும். பலருக்கு அந்தக் குழைவுதான் பிடிக்கும். தேக்கு கனமும் விறைப்பும் கூடியது, அதிர்வு குறைவு, அடிச் சுருதிகள் கெட்டியாக, தெளிவாக நிற்கும். ஒன்று உசத்தி, ஒன்று தாழ்வு என்று இல்லை. மலிவான பைன் பெட்டியில் வாசித்துப் பார்த்துவிட்டு அதுவே பிடித்திருக்கிறது என்றவர்களிடம், அதையே வாங்கச் சொல்லியிருக்கிறேன். வீணையில் மரமே கருவி. என் பெட்டியில் மரம் வீடு மாதிரி. நல்ல வீட்டில் இருக்கும் நிம்மதிக்கு ஒரு விலை உண்டு, அதை மனமறிந்து கொடுப்பவருக்குத்தான் நான் விற்க வேண்டும். மரத்தால் சத்தம் தேவலோகத்துக்குப் போய்விடும் என்று சொல்லி விற்கக் கூடாது.

22,000 விலையில் மாதம் நான்கு பெட்டி செய்தேன். 104 மணி நேரம் கை வேலை, கூலி போக மிச்சம் 10,576. அதே கொட்டகையில் பிளைவுட்டில் ரெக்சின் ஒட்டிய பெட்டிகளும் செய்கிறோம், சர்ச்சுகளும் மேடைக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களும் வாங்குவார்கள். விலை 9,000. எட்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், கூலியும் வரியும் போக சுமார் 1,800 நிற்கும். மணிக்குப் பிரித்தால் அது 225, தேக்குப் பெட்டி 102. மனசு கொண்டாடும் வேலையைவிட, சும்மா ஒட்டிக் கொடுக்கும் வேலை இரண்டு மடங்குக்கு மேல் தருகிறது. இந்த எண்ணை நோட்டில் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேக்குப் பெட்டியை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விடவில்லை. விலையை 28,000 ஆக்கினேன். கேட்பவர்கள் பாதியாகக் குறைந்தார்கள், மாதம் இரண்டுதான். வரி போக ஒரு பெட்டிக்கு 23,729. இரண்டே பெட்டி என்பதால் வாடகை, வட்டிப் பங்கு ஒவ்வொன்றிலும் 2,000 கூடி, செலவு 18,000 ஆனது. மிச்சம் 5,729, இரண்டுக்கும் சேர்த்து 11,458. நான்கு பெட்டியில் வந்ததைவிடக் கொஞ்சம் அதிகம், வேலையோ பாதி. மீந்த 52 மணியில் ஆறு பிளைவுட் பெட்டி செய்யலாம். ஆக, ரெக்சின் ஒட்டிய பெட்டிதான் தேக்குப் பெட்டிக்குச் சோறு போடுகிறது. சர்ச்சுக்குப் போகும் அந்தக் கறுப்புப் பெட்டிகளை இப்போது நான் கூடுதல் மரியாதையோடு செய்கிறேன்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறதா என்றால், ஒன்று இருக்கிறது: மரத்தை மாற்றுவது. சாலையோரத்துத் தூங்குமூஞ்சி மரத்தின் வைரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்கக் கண்டத்திலிருந்து நிழலுக்காக வந்த மரம். அறுத்தால் உள்ளே சாக்லேட் நிறத்தில், கறுப்பு வரி ஓடி, வால்நட்டுக்கு ஒன்றும் குறையாமல் இருக்கும். ஹவாய் தீவுகளில் இதே மரத்தில் அழகழகாகக் கிண்ணமும் மேசையும் செய்து விற்கிறார்கள். நம் ஊரில் சாலை அகலப்படுத்த வெட்டினால் நேராக விறகுக்குப் போகிறது. விலை தேக்கில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நான் ஏழு பெட்டி செய்துவிட்டேன், ஏழும் அசையாமல் இருக்கின்றன. ஆனால் பெயரைச் சொன்னதும் வாங்குபவர் முகம் மாறுகிறது. "தேக்கு இல்லையா?" என்கிறார்கள். பலா மரத்துக்கு அந்தப் பிரச்சினை குறைவு, வீணை, மிருதங்கம் என்றதும் கண் விரிகிறது. புதிதில் மஞ்சளாக இருந்து வருடம் போகப் போகப் பொன்னிறத்திலிருந்து பழுப்புக்கு மாறும் அழகும் அதற்கு உண்டு. ஈட்டி மரம் மட்டும் கேட்காதீர்கள். அதைக் காப்பாற்ற இங்கே 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள், உலக அளவிலும் கட்டுப்பாடு உண்டு. இருக்கும் கொஞ்சமும் காட்டில் நிற்கட்டும்.

போன மாதம் ஒருவர் காரைக்குடியிலிருந்து பலகைகளோடு வந்தார். தாத்தா வீட்டை இடித்தபோது எடுத்த கதவுச் சட்டங்கள், பர்மா தேக்கு, குறைந்தது எண்பது வருடம் காய்ந்தவை. மீட்டர் வைத்தேன், 9 சதவீதம். ஆசாரி அண்ணன் ஒரு மூலையை மட்டும் இழைத்து முகர்ந்து பார்த்தார். எண்பது வருடத்துக்குப் பிறகும் வாசம் வந்தது.

"மரம் என்னுடையதுதானே, 4,500ஐக் கழிச்சுடுங்க" என்றார் வந்தவர்.

கழிக்க முடியாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. "ரெண்டு மணி நேரம் இங்கேயே இருங்க சார்" என்றேன். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். பழைய மரத்தில் ஆணி இருக்கும், உள்ளே முறிந்து துருப்பிடித்துக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், ஒரே ஒரு ஆணி இழைப்பு எந்திரத்தின் மொத்த பிளேடையும் பதம் பார்த்துவிடும். காந்தம் வைத்துத் தேடி, சுற்றிலும் உளியால் தோண்டி, குறடு போட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். முதல் பலகையில் மட்டும் பதினேழு. பதினெட்டாவதை நாங்கள் தவறவிட்டோம். எந்திரம் கத்திய சத்தத்தில் அவரே எழுந்து நின்றுவிட்டார். புது பிளேடு 1,800 ரூபாய். விலையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. எழுந்து வந்து பிடுங்கிய ஆணிகளைக் கேட்டார், ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன்.

கதவுச் சட்டம் பத்து அங்குல அகலம் வராது. இரண்டைப் பக்கவாட்டில் ஒட்டித்தான் பலகையாக்கினோம், ஒட்டிய கோடு தெரியாமல் ரேகை பார்த்துச் சேர்க்கவே ஒரு முழு நாள் ஆனது. மொத்தம் 34 மணி நேரம், நோட்டில் எழுதியிருக்கிறேன். ஒரு சட்டத்தில் பழைய தாழ்ப்பாள் இருந்த துளை இருக்கிறது, கட்டைவிரல் நுழையும் அளவு. அதை எந்தப் பக்கம் வைக்கலாம் என்று ஆசாரி அண்ணன் பலகைகளைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தார். கீழே வைத்தால் தெரியாது. போன் போட்டுக் கேட்டேன். மேலே, கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும் என்றார் அவர். அதற்கேற்ப வரிசையை மாற்றி, ரேகை சேராத நான்காவது மூலையை அடியில் கொண்டுபோய், நேற்று பசை போட்டு இறுக்கியிருக்கிறோம். அரக்குப் பாலிஷ் போட வேண்டும். ஈரக் காற்றில் பூசினால் வெள்ளை பூத்துவிடும், மழை விடுவதற்காகக் காத்திருக்கிறோம்.